இரண்டாவது விரல்

திண்டிவனம்
09.06.2025

சங்கவிக்கு,

டப்பாவைத் திறந்து கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். செத்துப்போன உன் அண்ணன் செல்வகுமாரின் பெண்டாட்டி புனிதா. உனக்கு அண்ணி. அந்த முறை இன்னும் செல்லுமா என்பதை உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

உன் நம்பரை ஒன்றரை வருஷமாக பிளாக்கில் போட்டிருக்கிறேன். எடுக்க மனசு வரவில்லை. ஆனால் இது என் விஷயம் இல்லை, என்னோடு வேலை செய்கிற பெண்களின் கால் விஷயம். அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கே ஒரு பேட்டரி கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறேன். இதுவரை எங்களுக்கு ஆம்பிளைகள் போடுகிற சேஃப்டி ஷூவிலேயே சின்ன அளவாகப் பார்த்துக் கொடுத்தார்கள். தொளதொளவென்று இருக்கும். இரண்டு சாக்ஸ் போட்டு ஓட்டினோம். போன மாதம் புது ஷூ வந்தது. "உங்க ஊர்ப் பொம்பளைங்க காலையே அளவெடுத்து, கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி, மெஷின்ல செஞ்சது" என்று மேனேஜர் கைதட்டச் சொன்னார். தட்டினோம். மூன்றாம் நாளே அழுகை ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது விரல்தான் பிரச்சனை. விரலுக்கு மேலே இருக்கிற கெட்டி மூடி மெட்டியைப் போட்டு அழுத்துகிறது. சாயங்காலம் கழற்றினால் மெட்டி சதைக்குள் இறங்கியிருக்கிறது. ஓமந்தூரிலிருந்து வருகிற கலைமதிக்கு நகம் கறுத்துப்போய்விட்டது. என் லைனில் முக்கால்வாசிப் பேர் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள்.

ஷூ செய்த கம்பெனிக்குக் கம்ப்ளெயின்ட் போட்டேன். "டேட்டாபடி ஃபிட் சரியாக உள்ளது. பணியாளர் தனக்குரிய அளவைத் தேர்வு செய்யவும்" என்று பதில் வந்தது. மறுபடி போட்டேன், அதே பதில். மூன்றாவது தடவைதான் கீழே இருந்த பெயரைப் படித்தேன். சங்கவி, டிசைன் பிரிவு, விழுப்புரம்.

ஜூலை கடைசியில் ஆடிட் வருகிறது. அன்றைக்கு ஷூ போடாமல் நிற்கிற யாருக்கும் இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை வழிக்குக் கொண்டுவராததற்கு முதலில் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். எனக்கு இந்த வேலையை விட்டால் போக ஓர் இடம் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

கலைமதியின் ஷூவை இத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிற பெரியதம்பி அண்ணன் உன் கையில் கொடுப்பதாகச் சொன்னார். உள்ளே விரலை விட்டுப் பார்.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வரவில்லை.

புனிதா


விழுப்புரம்
11.06.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். மத்தியானம்தான் மறுபடி திறந்தேன். நீங்கள் அந்தக் கம்பெனியில் இருப்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. கம்ப்ளெயின்டில் லைன் நம்பர்தான் வரும், பெயர் வராது.

நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் இந்த ஷூவைப் பற்றி மட்டும் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஷூவை ஒரு கால் அச்சின் மேல் மாட்டித்தான் தைப்பார்கள். அச்சு எப்படியோ அப்படித்தான் ஷூ. இங்கே எல்லோரும் வெளிநாட்டு அச்சையே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரி கால் நீளம், ஒடுக்கம். செருப்பே இல்லாமல் வரப்பில் நடந்து வளர்ந்த கால் அதற்குள் எப்படி நுழையும்? நம் பெண்கள் காலை நாமே அளப்போம் என்று எங்கள் முதலாளி ஆதிநாதன் சாரிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய வேலை இது. வல்லத்தில் முகாம் போட்டு இருநூறு பெண்களின் பாதத்தை ஸ்கேன் செய்தோம். ஒரு பாதத்துக்கே லட்சக்கணக்கான புள்ளிகள். நான் எழுதிய புரோகிராம் அத்தனையையும் ஒப்பிட்டு, இனம் பிரித்து, அளவுக்கு ஓர் அச்சு என்று வரைந்து கொடுக்கிறது. அதை மெஷின் கடைகிறது. நடுவில் யாரும் குத்துமதிப்பாக ஒன்றும் போடவில்லை.

கலைமதி ஷூவில் விரலை விட்டுப் பார்த்தேன். அளந்தும் பார்த்தேன். இரண்டாவது விரலுக்கு மேலே, டேட்டாவில் இருக்கிற மிக உயரமான விரலுக்கும் இடிக்காத அளவுக்கு இடம் இருக்கிறது. மெல்லிய மெட்டி தாராளமாகப் போகும். அவர்கள் ஒரு அளவு சின்னதாகக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கால் சின்னதாகத் தெரிய வேண்டும் என்று நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கும் கடிக்கிறதா?

அம்மா நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சங்கவி


திண்டிவனம்
14.06.2025

சங்கவிக்கு,

எனக்குக் கடிக்கவில்லை. என் காலுக்கென்றே செய்தது போல இருக்கிறது. இப்போது சந்தோஷமா?

என் தலைவலியே அதுதான். நான் ஷூவை மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடக்கிறேன், அவர்கள் நொண்டிக்கொண்டு வருகிறார்கள். மேனேஜர் என்னைக் காட்டி, "லீடருக்கு கடிக்கல, ஒங்களுக்கு மட்டும் கடிக்குதா? வேலைக்கு வர்றீங்களா, நடிக்க வர்றீங்களா?" என்கிறார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் என் பக்கத்தில் யாரும் வருவதில்லை. முன்பெல்லாம் அஞ்சம்மாள் கேப்பை அடை கொண்டுவந்தால் பாதி எனக்குத்தான்.

கால் சின்னதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களாம். ஐந்து மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு வருகிறவளுக்கு அந்த ஆசை வேறா? நீ சொல்வதற்கு முன்னாலேயே ஒரு அளவு பெரிதாக மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். குதிகால் கழன்றது. கலைமதி டிரேயோடு படியில் விழுந்தாள். நல்ல வேளை, கை ஒடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் கூடம் கோணலா, ஆட்டம் கோணலா என்று வந்து பார்த்தால்தானே தெரியும்? அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அச்சு கடைகிற மெஷினில்கூடக் கோளாறு இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்?

அம்மா நன்றாக இருப்பாள். இருக்கட்டும். நான் உன் வீட்டைவிட்டு வந்தது அவளுக்காக இல்லை. அவள் திட்டினால் திட்டிவிட்டுச் சோறு போடுவாள். என் பெரியப்பா ஒரு வரனைப் பற்றிப் பேச வந்த அன்றைக்கு, நான் வாயே திறக்காமல் காபி டம்ளரோடு நின்றேன். அத்தனை பேர் முன்னால் "அதுக்குள்ள அண்ணன மறந்துட்டீங்களா அண்ணி?" என்று நீ கேட்டாய். படித்தவள் நீ. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஷூவுக்கு வழி சொல்.

புனிதா


விழுப்புரம்
17.06.2025

அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன்.

மெஷினில் கோளாறு இல்லை. அச்சுகளை எடுத்து என் கணக்கோடு ஒப்பிட்டேன். மயிரிழைகூட மாறவில்லை. டிசைனில் தவறு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்போது வர முடியாது. வேறு ஒரு ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. ஊரில், காணையில், நம் கரும்பு வெட்டு வேறு. ஆள் கிடைக்காமல் அம்மா தனியாகப் பேஜாராகிக்கொண்டிருக்கிறாள்.

ஆடிட்டுக்குள் முடிய வேண்டுமென்றால் ஒரே வழிதான் தெரிகிறது. ஷிஃப்ட் நேரத்தில் மட்டும் மெட்டியைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். முடிந்ததும் போட்டுக்கொள்ளட்டும். எத்தனையோ இடத்தில் மோதிரம், வளையலைக் கழற்றச் சொல்கிறார்கள், இதுவும் ஒரு வெள்ளி வளையம்தானே? உங்கள் மேனேஜருக்கும் இப்படி மெயில் போட்டிருக்கிறேன்.

மற்றதைப் பற்றி இதில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சங்கவி


திண்டிவனம்
20.06.2025

சங்கவி,

உன் மெயிலைப் பிரிண்ட் எடுத்து கேட்டிலேயே ஒட்டிவிட்டார்கள். "பாதுகாப்பு கருதி பெண் பணியாளர்கள் மெட்டி அணிந்து உள்ளே வரக் கூடாது." நேற்று காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கோஷம் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மேனேஜர் என் கையில் ஒரு கட்டு பிளாஸ்டிக் கவரையும் மார்க்கரையும் கொடுத்து, "ஒவ்வொருத்தரோடதையும் வாங்கி பேர் எழுதி வைம்மா, ஜல்தி" என்றார். நானும் மூளை இல்லாமல் போய் நின்றேன். அஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைமதிதான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "ஒங்களுக்கு இன்னாக்கா? கழட்டறதுக்கு ஒங்க கால்ல இன்னா இருக்குது?"

சொன்ன மறுநிமிஷமே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். வலியில் சொல்லிவிட்டாள். நான் கவரை எல்லாம் அங்கேயே வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஒரு வெள்ளி வளையம்தானே என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, மெட்டி போட்டதும் இல்லை, கழற்றியதும் இல்லை. ஆனால் கழற்றுவதைப் பார்த்திருக்கிறாய். அண்ணன் காரியத்தன்று என் மெட்டி வரவில்லை. அழுது அழுது கால் வீங்கியிருந்தது. சோப்புத் தண்ணி ஊற்றித் திருகினார்கள். செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் சங்கவி? நீதானே? புருஷன் உயிரோடு இருக்கிறவளிடம் அதைக் கழற்று என்றால் அவள் காதில் என்ன விழும் என்று உனக்கா தெரியாது?

சாயங்காலம் நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள். ஆனால் ஆடிட் ஆடிட்தான். ஷூ போடு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ. மேனேஜர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார், ஜூலை முப்பதுக்குள் லைன் ஒழுங்குக்கு வராவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் என்று.

டேட்டா டேட்டா என்கிறாயே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? உன் கம்ப்யூட்டரில் இருக்கிற அந்த இருநூறு பெண்கள் யார்? எந்த ஊர்க்காரிகள்? என் லைனில் என்னைத் தவிர ஒருத்திக்கும் சேராத ஷூ அவர்கள் காலுக்குச் சேர்கிறது என்றால், அவர்களை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

புனிதா


விழுப்புரம்
24.06.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இருநூறு பெண்களையும் காட்டிவிடலாம் என்றுதான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, அந்தப் பாதங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்ததே இல்லை. மொத்தமாக உள்ளே போட்டு, சராசரி வந்ததும் அதைத்தான் பார்த்தேன். அதுவும் ஸ்மூத் பண்ணிய பிறகு. ஸ்கேன் எடுக்கும்போது தூசி, ரோமம் என்று ஏதாவது விழும். சின்னச் சின்ன மேடு பள்ளமாகத் தெரியும். புரோகிராம் அதையெல்லாம் நிரவிவிடும். நிரவச் சொன்னது நான்தான்.

நிரவாத பழைய ஸ்கேனைத் திறந்தேன். சில பாதங்களில் இரண்டாவது விரலைச் சுற்றி ஒரு பள்ளம் தெரிந்தது. ஒரு காலில் இருந்தால் தூசி. அடுத்தடுத்து வந்தது. எல்லாம் அதே விரலில், அதே இடத்தில். பள்ளம் இருக்கிறது, மெட்டி இல்லை. மற்ற பாதங்களில் பள்ளமே இல்லை, சின்ன வயசு விரல்கள். இருநூறையும் பார்த்து முடித்தேன். மெட்டி போட்ட கால் ஒன்றுகூட இல்லை.

முகாம் நடத்திய குமரேசனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சாதாரணமாகச் சொன்னான்: "மேடம், உலோகம் இருந்தா கழட்டிட்டு எடுக்கணும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? மெட்டிய கழட்டுங்கன்னா, 'போப்பா அந்தாண்ட'ன்னு எழுந்து போய்க்கினே இருந்தாங்க. கட்டாயமா பண்ண முடியும்? கழட்ட வேண்டிய அவசியம் இல்லாதவங்கள உக்கார வச்சி எடுத்தேன். ஐடிஐ பொண்ணுங்களும் வந்தாங்க. சொன்ன கணக்கு வந்துடுச்சே மேடம்."

வந்துவிட்டது அண்ணி. கல்யாணம் ஆகாத பெண்களும் புருஷனை இழந்தவர்களும் சேர்ந்து இருநூறு. உங்கள் ஷூ பெட்டிமேல் "நம் மாவட்டப் பெண்களின் பாதம்" என்று அச்சடித்திருக்கிறோமே, அதற்குள் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற பெண் ஒருத்தியும் இல்லை. டேட்டாவில் இருக்கிற உயரமான விரலுக்கும் இடிக்காது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்த விரல்களில் இடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. பிள்ளைகளைப் பெற்று, சுமந்து, முன்பாதம் அகன்றுபோன கால்களும் அதில் அதிகம் இல்லை. அதனால்தான் மற்ற லைன்களில் இருக்கிற சின்னப் பெண்களிடமிருந்து கம்ப்ளெயின்டே வரவில்லை.

வெள்ளி பளபளத்தால் ஸ்கேன் படம் அந்த இடத்தில் பிசிறிப்போகும். அதனால் கழற்றச் சொன்னேன். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தடவினாலே பளபளப்பு போய்விடும், அதுவும் அப்போதே எனக்குத் தெரியும். கழற்றுவது சுலபம் என்று தோன்றியது. எனக்கு என்மேல் வருகிற எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பாதங்களுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். ஆனால் ஒரு வலது கால் வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் உள்பக்கமாக மடிந்திருந்தது. காணை வீட்டில் பசு மிதித்து உடைந்த விரல். ராத்திரி முழுக்க நீங்கள் முனகிக்கொண்டிருக்க, அண்ணன் மஞ்சள் பத்து போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

உங்கள் இரண்டாவது விரலிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது அண்ணி. பக்கத்திலேயே புரோகிராம் சரிசெய்த படமும் இருந்தது. அதில் பள்ளம் இல்லை. தூசி என்று நினைத்து நிரவிவிட்டது. ஆபீஸிலேயே அழுதுவிட்டேன்.

சங்கவி


திண்டிவனம்
26.06.2025

சங்கவிக்கு,

அந்த முகாமுக்கு நான் போனது ஞாபகம் இருக்கிறது. வல்லத்தில் ஒரு மண்டபம். ரூமில் கூட இருக்கிற பெண் கூப்பிட்டாள், போனேன். கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் எழுந்து ஒரு பக்கமாகப் போனார்கள். அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க முன்னால வாங்க" என்றான்.

உன் அண்ணன் போன பிறகு ஒரு மண்டபத்துக்குள் என்னை யாரும் முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை. கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்பதுதான் பழக்கம். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். இப்போது புரிகிறது ஏன் கூப்பிட்டான் என்று. சிரிப்பதா, செருப்பால் அடிப்பதா என்று தெரியவில்லை. யாரை அடிப்பது என்றும் தெரியவில்லை.

நீ அழுதது போதும். அழுதால் ஷூ அகலமாகாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓமந்தூரில் கலைமதி வீட்டு வாசலில் எல்லோரையும் வரச் சொல்கிறேன். மிஷினை எடுத்துக்கொண்டு நீ வா. குமரேசனை அனுப்பாதே. முன்பின் தெரியாத ஆம்பிளை கையில் இவர்கள் காலைக் கொடுக்க மாட்டார்கள். பவுடர் டப்பாவை நீயே வாங்கி வா.

மெட்டியைக் கழற்று என்கிற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. வந்தால் நானே உன்னை பஸ் ஏற்றிவிடுவேன்.

புனிதா


விழுப்புரம்
03.07.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிறு எடுத்த ஸ்கேன் அத்தனையும் சுத்தமாக வந்திருக்கிறது. பவுடர் பூசிய மெட்டி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மூன்று சுற்று மெட்டி, முத்து வைத்தது, தேய்ந்துபோனது என்று எத்தனை வகை! அஞ்சம்மாள் அக்கா, "இன்னாடி இது, மூஞ்சிக்கு போடறத விட்டுட்டு காலுக்கு பூசிக்கினு கீறா" என்று கேட்டதை நினைத்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஆதிநாதன் சாரிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. செஞ்சி பக்கத்து விவசாயக் குடும்பம், ஜைனர். தோல் தொட மாட்டேன் என்பதற்காகவே தோல் இல்லாத ஷூ செய்ய ஆரம்பித்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "விற்ற பிறகு டேட்டாவே தப்புன்னு கஸ்டமர்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது?" என்றார். "மெட்டி போட்டவர்கள் தவிர்க்கவும்னு ஒரு வரி சேர்த்துடலாமே" என்றார். இந்த மாவட்டத்தில் மெட்டி போட்டவர்களைத் தவிர்த்தால் ஷூவை யாருக்கு விற்பீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் நாள் அவராகவே போன் செய்து உங்கள் கம்பெனியில் சொல்லிவிட்டார். பழைய ஷூக்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்.

நிரவுகிற வேலையை இரண்டாவது விரல் பக்கம் நிறுத்திவிட்டேன். அச்சில் முன்பாதம் அகலமாகிறது, அந்த விரலுக்கு மேலே மெட்டி உயரத்துக்கு இடம் வருகிறது. மெஷின் கடைய ஆரம்பித்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதிக்குள் பெரியதம்பி அண்ணன் கொண்டுவந்துவிடுவார். வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

ஞாயிறன்று ஓமந்தூரில் நீங்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். இரண்டு பேரும் டீ குடித்தோம். நான் ஒன்று சொல்ல வந்தேன், அதற்குள் உங்களை யாரோ கூப்பிட்டார்கள். பிறகு பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "அவ எளைச்சிட்டாளா?" ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவள் சாப்பிடவில்லை.

சங்கவி


திண்டிவனம்
01.08.2025
ஆடி வெள்ளி

சங்கவிக்கு,

ஆடிட் முடிந்தது. என் லைனில் எல்லோரும் ஷூவோடு நின்றார்கள். ஒருத்திகூட நொண்டவில்லை. யாருக்கும் வேலை போகவில்லை, எனக்கும்தான். மேனேஜர் தானே வந்து காலை அளந்தது போலப் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும். கலைமதிக்குப் புது நகம் முளைக்கிறது. மல்லாட்டையை வறுத்து, தோலை ஊதி, வெல்லப் பாகில் உருண்டை பிடித்துக்கொண்டுவந்து என் பையில் வைத்துவிட்டுப் போனாள். அதிலேயே எல்லாம் வந்துவிட்டது.

இப்போது ஷூ சேராதவள் லைனில் ஒருத்திதான். நான்.

நீ வைத்த இடம் என் விரலுக்கு மேலே சும்மா கிடக்கிறது. நடந்தால் விரல் ஆடுகிறது. இரண்டாம் நாள் கொப்புளம் வந்துவிட்டது. ஆடிட் அன்று காலையில் பாத்ரூமில் உட்கார்ந்து, பிளாஸ்திரியைக் கிழித்து அந்த விரலில் சுற்றினேன். மெட்டி கனத்துக்கு வருகிறவரைக்கும் சுற்றினேன். அப்புறம் ஷூவைப் போட்டேன். கச்சிதமாகச் சேர்ந்தது. நாள் முழுக்க விரலில் ஏதோ இருக்கிற மாதிரியே இருந்தது. பழக்கப்பட்ட விரலாயிற்றே. சாயங்காலம் பிளாஸ்திரியைக் கழற்றியபோது அழுகை வந்தது. அழுதேன்.

என் காலுக்கு ஷூ சேரவில்லை என்று உன்னிடம் சொன்னது பெரியதம்பி அண்ணனாகத்தான் இருக்கும். நீ அனுப்பிய சீட்டு நேற்று வந்தது. மெட்டி இருக்கிறவர்களுக்கு ஓர் அச்சு, இல்லாதவர்களுக்கு ஓர் அச்சு என்று இரண்டாகப் பிரித்துவிடலாம், எனக்கு இரண்டாவது வகையில் ஒரு ஜோடி உடனே அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லதை நினைத்துத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அப்படிச் செய்யாதே.

ஷூ வைக்கிற அலமாரியை நினைத்துப் பார். இந்தத் தட்டு அவர்களுக்கு, அந்தத் தட்டு எங்களுக்கு. வாசலில் நுழைகிறவன் எல்லாம் எந்தத் தட்டிலிருந்து யார் எடுக்கிறாள் என்று பார்ப்பான். தள்ளி நில் என்று இதுவரை வாயால்தான் சொன்னார்கள். நீ அதை ஷூவாகவே செய்து கொடுத்துவிடுவாய்.

எல்லோருக்கும் ஒரே அச்சு போடு. மெட்டி இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் வைக்க ஒரு சின்னத் திண்டு செய். வேண்டும் என்றால் வைக்கலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், அந்த மாதிரி. உன் மெஷினுக்கு அது ஒரு வேலையா?

பெரியப்பா போன வாரம் மறுபடி வந்தார். அதே வரன், இன்னும் காத்திருக்கிறாராம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உன் அண்ணனை நான் மறக்கவில்லை. அந்த விரலைப் படமெடுத்துப் பார்த்தவள் நீ, உனக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறக்காதவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கக் கூடாது. நீயும்தான். உன் கம்ப்யூட்டரும்தான்.

நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மாவைச் சாப்பிடச் சொல்.

என் ஷூவில் அந்த இடத்தை அடைத்துவிடாதே. அது இருக்கட்டும். அதில் என்ன வைப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி
புனிதா